தையல் ஆறிய பின்னும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடை இசைக்கும் நாடகத்துக்கும் உரியது. இம்மேடையில் நோயைப் பற்றிப் பேசுவது முறையாகுமோ என்று முதலில் தயங்கினேன். முன் வரிசையில் அமர்ந்திருக்கும் இச்சிறு குழந்தைகளைக் கண்டதும் அத்தயக்கம் நீங்கிற்று. சங்கத்தார் என்னை அழைத்தபோது, ‘குழந்தைகள் நலம் பற்றிப் பேசுங்கள், பொதுவாகப் பேசாமல் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு விளக்குங்கள்’ என்று கேட்டுக்கொண்டனர். ஆதலின் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். பித்தநாளத்தில் அறுவை செய்யப்பெற்ற குழந்தைகளை அதன்பின் எவ்வாறு, எத்துணைக் காலம், எக்கருவிகளைக் கொண்டு கண்காணிக்க வேண்டும் என்பதே அப்பொருள். இஃது அரிய நோய்தான். ஆயினும் அது புகுந்த வீட்டாருக்கு அதனினும் பெரிய கவலை வேறில்லை.

வள்ளுவர் பெருமான் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைபுரிபவன் என்பன அவை. முதல் மூன்றையும் உலகம் எளிதில் ஒப்புக்கொள்ளும். நான்காமவனையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே வைத்தாரே, அதுவே வள்ளுவரின் நுட்பம். இன்று நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்த நான்காமவனைப் பற்றியது. பிள்ளைக்குத் தாயும் தந்தையும் அந்நான்காமவர். தாய்தந்தையர்க்கு நம் சங்கம் அவ்வாறு ஆகலாம்.

முதலில் பித்தநாளம் யாது என்று பார்ப்போம். நம் கல்லீரல் இடைவிடாமல் பித்தநீரைச் சுரக்கிறது. அது நுண்ணிய குழாய்களில் வழிந்து, சிற்றோடைகள் சேர்ந்து ஆறாவது போல ஒன்றுகூடி, ஒரு பொதுக் குழாயின் வழியே சிறுகுடலில் இறங்குகிறது. கொழுப்பைச் செரிக்கச் செய்வது பித்தநீர். மலத்திற்கு மஞ்சள் நிறம் தருவதும் அதுவே. அக்குழாய் அடைபட்டால் பித்தநீர் கல்லீரலிலேயே தேங்கும். நம் முன்னோர் ஏரிப் பாசனம் அறிந்தவர்கள். மதகு அடைபட்ட ஏரியில் நீர் உயர்ந்துகொண்டே போனால் கரைக்கு என்ன நேரும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேங்கிய பித்தநீரால் கல்லீரல் நாளடைவில் வடுப்பட்டு இறுகிப் போகிறது.

குழந்தைகளிடத்தே இக்குழாயில் அறுவை செய்ய நேர்வது பெரும்பாலும் இரு நோய்களால் ஆகும். ஒன்று, பிறந்த சில வாரங்களுக்குள் பித்தநாளம் அழன்று, வடுவாகி, அடைபட்டுப் போவது. இதனைப் பித்தநாள அடைப்பு என்போம். மேலை நாடுகளில் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் இது காணப்படுகிறது. தைவான் முதலிய கிழக்காசிய நாடுகளில் இன்னும் மிகுதி. மற்றொன்று, பித்தநாளம் பை போல் வீங்கி விரிந்து நிற்பது. இதனைப் பித்தநாளக் கட்டி என்பர். இது மேலை நாட்டினரைக் காட்டிலும் ஆசிய மக்களிடத்தே மிகுதி. ஆண் குழந்தைகளைக் காட்டிலும் பெண் குழந்தைகளிடத்தே மிகுதி.

முதல் நோயின் அடையாளங்களைத் தாய்மார்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். பிறந்த குழந்தைக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தோன்றுவது இயல்பு. பதினான்கு நாள் கடந்தும் கண்ணில் மஞ்சள் நின்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மலம் மஞ்சளாக இல்லாமல் சுண்ணாம்பு போலவோ வெளுத்த களிமண் போலவோ கழிந்தால் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது. சிறுநீர் துணியில் மஞ்சட் கறை படியும்படி இருப்பதும் ஓர் அடையாளம். அத்தகைய குழந்தை பால் குடிக்கும், கொழுகொழுவென்றும் இருக்கும். அதனாலேயே வீட்டார் ஏமாந்து போகின்றனர். ‘இளவெயிலில் காட்டினால் சரியாகும்’ என்பர் சிலர். ‘கீழாநெல்லி கொடுத்தால் போதும்’ என்பர் சிலர். நம் நாட்டு மூலிகைகளை யான் பழிக்க வரவில்லை. ஆனால் வழியே அடைபட்டுப் போன குழாயை எம்மூலிகையும் திறக்காது. அதைக் கொடுத்துப் பார்ப்போம் என்று கழிக்கும் மூன்று வாரங்களே குழந்தையின் வாழ்வைத் தீர்மானிக்கும் மூன்று வாரங்களாக அமைந்துவிடும்.

தைவான் நாட்டார் இதற்கு எளியதொரு வழி கண்டனர். மலத்தின் நிறங்களை அச்சிட்ட ஒரு வண்ண அட்டையைத் தாய்மார்க்குத் தரும் குழந்தை நலக் கையேட்டிலேயே சேர்த்து, 2004ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் வழங்கினர். குழந்தையின் மலம் எந்த நிறத்தோடு ஒத்திருக்கிறது என்று தாய் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். அதன் பயனாய், உரிய காலத்திற்குள் அறுவைக்கு வந்த குழந்தைகளின் தொகை அந்நாட்டில் உயர்ந்தது. ஓர் அட்டையும் தாயின் கண்ணும் சேர்ந்து செய்த வேலை இது.

இந்நோய்க்கு ஒரு காலத்தில் மருந்தும் இல்லை, அறுவையும் இல்லை. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதுக்குள் இறந்தன. சப்பான் நாட்டின் செண்டாய் நகரில், தொகொகு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மோரியோ கசாய் என்னும் அறுவை மருத்துவர் 1955இல் ஒரு புது முறையைக் கையாண்டார். வடுவாகிப் போன குழாயைக் கல்லீரலின் வாயில் வரை அகற்றி, சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே கொணர்ந்து அவ்வாயிலோடு நேரே இணைத்தார். கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களிலிருந்து கசியும் பித்தநீர் அவ்வழியே குடலுக்குள் இறங்கிற்று. 1959இல் அதனைச் சப்பானிய மொழியில் வெளியிட்டார். 1968இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பின்னரே பிற நாடுகள் அதனைப் பரவலாக அறிந்தன. இன்று உலகெங்கும் அது கசாய் அறுவை என்றே வழங்குகிறது. குழந்தை பிறந்து 60 நாள்களுக்குள் செய்தால் நற்பயன் கிட்டும் வாய்ப்பு மிகுதி. நாள் கடந்து செல்லச் செல்ல அவ்வாய்ப்புக் குறையும்.

இரண்டாவதான பித்தநாளக் கட்டிக்கு அறுவை வேறு. வீங்கிய குழாயை அறவே அகற்றிவிட்டு, மேலே எஞ்சும் நல்ல குழாயைச் சிறுகுடலோடு இணைப்பர். குடலை வெட்டி ஒரு கிளையை மேலே கொணரும் அந்த அமைப்புக்கு, அதனை வகுத்த சுவிட்சர்லாந்து மருத்துவர் சீசர் ரூ என்பாரின் பெயரே வழங்குகிறது.

அன்பர்களே, இனித்தான் நான் சொல்ல வந்த செய்தி. குடல்வால் அறுவை செய்துகொண்டவன் தையல் ஆறியதும் நோயை மறந்துவிடலாம். பித்தநாள அறுவை அத்தன்மைத்து அன்று. ‘ஓடியாடித் திரிகிற பிள்ளைக்கு எதற்கு ஸ்கேன்?’ என்று பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கப்பற் செலவு, சென்னையில் தங்கும் செலவு, இழக்கும் கூலி இவற்றையெல்லாம் கணக்கிட்டே அவர்கள் அவ்வாறு கேட்கின்றனர். ஆதலின் அக்கேள்விக்குக் கடிந்து விடை கூறாமல் காரணம் காட்டியே விடை கூறல் வேண்டும்.

முதற் காரணம் இது. கசாய் அறுவை பித்தநீருக்கு வழி அமைக்கிறது. கல்லீரலுள் தொடங்கிவிட்ட நோயை முற்றிலும் அழிப்பதில்லை. பித்தநீர் நன்றாக இறங்கும் குழந்தைகளிலும் பலர்க்கு உள்ளே வடு மெல்ல வளர்ந்துகொண்டே போகக்கூடும். இரண்டாவது காரணம், குடலும் கல்லீரலும் இப்போது நேரே இணைந்து நிற்கின்றன. இயற்கை அமைத்திருந்த தடுப்பு இப்போது இல்லை. ஆதலின் குடலில் வாழும் கிருமிகள் மேலேறிக் குழாய்களைத் தாக்கலாம். மூன்றாவது காரணம், தைத்து இணைத்த வாய் நாளடைவில் சுருங்கலாம். சுருங்கினால் மேலே பித்தநீர் தேங்கும். தேங்கினால் கல் உண்டாகும். இவற்றுள் எதுவும் ஒரே நாளில் நிகழ்வதில்லை. வெளியே ஓர் அடையாளமும் தோன்றாமல் உள்ளே மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வளர்வன இவை. பிள்ளையின் ஓட்டத்தைக் கொண்டு இவற்றை அறிய முடியாது. அறியக் கருவி வேண்டும்.

அக்கருவிகளுள் முதன்மையானது அல்ட்ராசவுண்ட். தீவில் வாழும் நமக்கு இதனை விளங்கிக்கொள்ளுதல் எளிது. கப்பலோட்டுவோர் கடலின் ஆழத்தை அறிய ஒலியைக் கீழே செலுத்தி, அது தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கின்றனர் அல்லரோ? அம்முறையே இதுவும். மனிதச் செவிக்கு எட்டாத நுண்ணொலியை வயிற்றினுள் செலுத்தி, திரும்பும் எதிரொலியைப் படமாக்குகின்றனர். கிளாஸ்கோ நகர மருத்துவர் இயன் டொனால்டும் அவர்தம் குழுவினரும் 1958இல் இதனைப் பற்றி வெளியிட்ட கட்டுரைக்குப் பின் இது மருத்துவத்தில் வேரூன்றிற்று. இதில் கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, வலி இல்லை. நூறு முறை செய்தாலும் குழந்தைக்குக் கேடில்லை. எனவே பலமுறை பார்க்க வேண்டிய குழந்தைக்கு இதுவே ஏற்றது.

கசாய் அறுவைக்குப் பின் இக்கருவி கொண்டு மருத்துவர் எவற்றைப் பார்க்கிறார்? கல்லீரலின் மேற்பரப்பு வழவழப்பாக உள்ளதா, முண்டும் முடிச்சுமாக மாறியுள்ளதா என்று பார்க்கிறார். உள்ளே பித்தநீர் குட்டை போல் தேங்கி நிற்கிறதா என்று பார்க்கிறார். மண்ணீரலை அளந்து முன்னைய அளவோடு ஒப்பிடுகிறார். குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் பெருஞ்சிரையில் குருதி எத்திசையில், எவ்விரைவில் ஓடுகிறது என்று ‘டாப்ளர்’ முறையால் அறிகிறார். வயிற்றில் நீர் கோத்துள்ளதா என்பதையும் நோக்குகிறார். கல்லீரல் இறுகினால் குருதி அதனுள் புக இயலாமல் பின்வாங்கும். மண்ணீரல் பெருக்கும்; உணவுக்குழலின் அடியில் சிரைகள் புடைக்கும். அச்சிரைகள் உடைந்தால் குழந்தை திடீரென இரத்த வாந்தி எடுக்கும். மண்ணீரலின் அளவு கூடி வருவதை ஸ்கேனில் கண்டவுடன் உள்நோக்கிக் கருவியால் அச்சிரைகளைப் பார்த்து, வேண்டுமாயின் கட்டுப் போட்டு, அவ்விபத்தைத் தடுக்கலாம். ஸ்கேனின் பயன் இதுவே. மண்ணீரல் பெருத்த பிள்ளை வயிற்றில் அடிபடக்கூடிய விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும் என்பதும் அந்த அளவைக் கொண்டு சொல்லப்படும் அறிவுரையே.

பித்தநாளக் கட்டி அகற்றிய பிள்ளைக்குப் பார்க்க வேண்டியவை சற்று வேறு. கல்லீரலுள் இருக்கும் குழாய்கள் மறுபடி விரிகின்றனவா, அவற்றில் கற்கள் உளவா, இணைப்பு வாய் சுருங்கியுள்ளதா, கணையத்தின் தலைப்பகுதியில் பழைய கட்டியின் எச்சம் ஏதேனும் நின்றுவிட்டதா என்று பார்ப்பர். இந்த எச்சத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். முற்காலத்தில் இக்கட்டியை அகற்றாமல், அதனைக் குடலோடு இணைத்து வடியவிடும் எளிய அறுவையைச் செய்தனர். பிள்ளைகள் நலமாய் வீடு திரும்பினர். பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, விட்டுவைத்த கட்டியின் சுவரில் புற்று உண்டாகும் அச்சம் மிகுதி என்பது தெரியவந்தது. அதனாற்றான் கட்டியை முழுதும் அகற்றும் முறை நிலைபெற்றது. நம்மிடையே எவரேனும் நெடுங்காலத்துக்கு முன், சிறுபிள்ளையாய் இருந்தபோது ‘பித்தக் கட்டி’க்கு அறுவை செய்துகொண்டு, அதன்பின் ஒருமுறையும் பாராமல் இருந்தால், அவர் தம் வயிற்று வடுவை மறந்துவிடாமல் இனியேனும் ஒரு மருத்துவரிடம் சென்று காட்டிக்கொள்ள வேண்டும்.

அல்ட்ராசவுண்டில் ஐயம் தோன்றினால் அடுத்த படி எம்.ஆர்.சி.பி. என்னும் காந்தப் படம். இதிலும் கதிர்வீச்சு இல்லை. தேங்கி நிற்கும் நீர் இப்படத்தில் வெண்மையாகத் தெரியும். ஆதலின் பித்தக் குழாய்கள் அனைத்தும் ஒரு மரத்தின் கிளைகள் போல் தோன்றும். எந்தக் கிளை சுருங்கியது, எங்கே கல் தங்கியது என்பது புலப்படும். குடலிலுள்ள நீர் அப்படத்தை மறைக்காதிருக்கச் சில இடங்களில் அன்னாசிச் சாறு குடிக்கத் தருவதுண்டு. அதிலுள்ள மாங்கனீசு குடல் நீரை இப்படத்தில் கறுக்கச் செய்யும். நம் தீவுச் சந்தைப் பழத்துக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறது. குழந்தை அசையாமல் கிடக்க வேண்டும் என்பதால் சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்து தர நேரும். காந்த அறைக்குள் உலோகம் ஆகாது. வெள்ளி அரைஞாண், கொலுசு, காப்பு, தாயத்து இவற்றையெல்லாம் முன்னரே கழற்றிவிட வேண்டும். அரைஞாணைக் கழற்ற மனமில்லாத பாட்டிமார்களுக்கு நான் சொல்வது, படம் முடிந்த அக்கணமே திரும்ப அணிவித்துவிடலாம் என்பதே.

‘ஹைடா’ ஸ்கேன் என்பது மூன்றாவது. டெக்னீசியம் என்னும் பொருளைச் சிறிதளவு ஊசி வழியே செலுத்தினால் கல்லீரல் அதனை வாங்கிப் பித்தநீரோடு வெளியேற்றும். அது குடலில் இறங்குகிறதா, எங்கே தாமதிக்கிறது என்பதை ஒரு கருவி நோக்கும். மற்றப் படங்கள் உருவத்தைக் காட்டும். இஃது ஓட்டத்தைக் காட்டும். இதிலுள்ள கதிர்வீச்சு ஆறு மணிக்கொரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே போவதால் தாய்மார் அஞ்ச வேண்டுவதில்லை. சி.டி. ஸ்கேன் மிகுதியான கதிர்வீச்சு உடையது. வளரும் குழந்தைக்கு அதனை இன்றியமையாத போது மட்டுமே செய்வர். ‘பெரிய ஸ்கேனாக எடுத்துவிடுங்கள்’ என்று நாமாகக் கேட்பது நன்றன்று.

எத்துணை முறை, எத்துணைக் காலம் என்று கேட்பீர்கள். பிள்ளைக்குப் பிள்ளை இது வேறுபடும். அறுவை செய்த மருத்துவரே கால அட்டவணை வகுப்பார். பொதுவாகக் கசாய் அறுவைக்குப் பின் முதலாண்டில் அடிக்கடியும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பார்ப்பர். கட்டி அகற்றிய பிள்ளைக்கு முதலாண்டில் சில முறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் பார்ப்பர். பிள்ளை வளர்ந்து, மணமுடித்து, தானே பெற்றோரான பின்னும் இது தொடர வேண்டும். ஸ்கேனோடு இரத்தச் சோதனையும் செய்ய வேண்டும். கசாய் அறுவைக்குப் பின் மூன்று மாதத்திற்குள் ‘பிலிருபின்’ அளவு நன்கு இறங்கிவிட்டால் அது நற்குறி.

கருவிகள் இல்லாத நாளில் தாயின் கண்ணே கருவி. அறுவைக்குப் பின் மலம் மஞ்சளாகக் கழிவதே வழி திறந்ததற்குச் சான்று. அது மறுபடி வெளுத்தாலும், கண் மஞ்சளித்தாலும், காய்ச்சல் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இக்குழந்தைகளுக்கு வரும் காய்ச்சலை ‘ஊர்க் காய்ச்சல்’ என்று இரண்டு நாள் பார்த்திருத்தல் தகாது. கிருமி மேலேறியதன் முதல் அடையாளம் அதுவாகவே இருக்கலாம். அறுவைக்குப் பின்வரும் முதல் இரண்டு ஆண்டுகளில் இது மிகுதி. மலம் தார் போல் கறுத்தாலோ இரத்த வாந்தி எடுத்தாலோ ஒரு நாழிகையும் வீட்டில் தங்கலாகாது.

இனி நம் தீவின் நிலையை நோக்குவோம். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற போர்ட் பிளேரிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணிக்குச் சற்று மேல். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். திக்லிப்பூரிலோ, ரங்கத்திலோ, லிட்டில் அந்தமானிலோ, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய நம் மக்கள் ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய கச்சால் தீவிலோ வாழ்வோர்க்குத் தலைநகர் வந்து சேர்வதே ஒரு பயணம். கடல் கொந்தளித்தால் அதுவும் நின்றுபோகும். இந்நிலையில், எல்லாவற்றிற்கும் சென்னைக்கே போக வேண்டும் என்று சொன்னால் ஏழைத் தொழிலாளி எதற்கும் போகமாட்டார். எனவே பிரித்துப் பார்க்க வேண்டும்.

மலத்தின் நிறம், காய்ச்சல், எடை, உயரம் இவற்றை வீட்டிலும் அருகிலுள்ள சுகாதார நிலையத்திலும் பார்க்கலாம். இரத்தச் சோதனையையும் அல்ட்ராசவுண்டையும் தலைநகரிலுள்ள கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையில் பார்க்கலாம். 2015 முதல் தீவுகளுக்கென ஒரு மருத்துவக் கல்லூரியும் அங்கே இயங்குகிறது. அறுவையும், சிக்கலான படங்களும், சுருங்கிய வாயை விரித்தலும் சென்னை, வேலூர் முதலிய ஊர்களில் செய்யத்தக்கவை. ‘இடையிலுள்ள சோதனைகளைத் தீவிலேயே செய்து முடிவை அனுப்பலாமா?’ என்று அறுவை மருத்துவரையே நேரிற் கேளுங்கள். பெரும்பாலும் அவர் இசைவார். சென்னைக்கும் இத்தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பித்தடம் 2020 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பெற்றது. முன்பு ஒரு படத்தை அனுப்புவதே பெரும்பாடு. இன்று இங்கே எடுக்கும் ஸ்கேனை எழும்பூரில் இருக்கும் மருத்துவர் அன்றே பார்க்க வழியுண்டு. பிள்ளை கடலைக் கடப்பதற்கு மாறாகப் படம் கடலைக் கடக்கட்டும்.

அங்ஙனம் செய்யும்போது ஒன்றை மறவாதீர்கள். புதிய மருத்துவர் எவர் ஸ்கேன் எடுத்தாலும், ‘இப்பிள்ளைக்கு இன்ன அறுவை நடந்தது’ என்று முதலிலேயே சொல்லி, மருத்துவமனை தந்த ‘டிஸ்சார்ஜ்’ சீட்டைக் காட்ட வேண்டும். குடலோடு இணைத்த பித்தக் குழாயில் காற்று புகுந்து நிற்பது இயல்பு. அறுவை நடந்ததை அறியாதவர் அதனைக் கல் என்று எண்ண இடமுண்டு. பித்தப்பையையும் அறுவையில் அகற்றியிருப்பர். ‘பித்தப்பை காணப்படவில்லை’ என்று அறிக்கையில் கண்டு பெற்றோர் நடுங்க வேண்டியதில்லை. வாய் வழியே குழலைச் செலுத்திப் பித்தநாளத்தை அடையும் வழக்கமான முறையும் இப்பிள்ளைகளிடத்தே எளிதில் இயலாது. குடலின் பாதையே மாறியிருக்கிறது. இவை அனைத்தும் அச்சீட்டில் உள்ளன. நகையைக் காப்பது போல் அதனைக் காக்க வேண்டும். ஓர் உறையில் அறுவைச் சீட்டு, ஒவ்வொரு ஸ்கேன் அறிக்கை, இரத்தச் சோதனை, எடைக் குறிப்பு என்று நாள்முறைப்படி அடுக்கி வையுங்கள். ஓர் அறிக்கை தனியே நின்று சொல்லும் செய்தி சிறிது. ஐந்து அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் மண்ணீரல் வளர்கிறதா, நின்றுள்ளதா என்பது விளங்கும்.

ஸ்கேனுக்கு வருமுன் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். கைக்குழந்தைக்கு ஒருவேளைப் பாலைத் தள்ளிப்போட்டால் போதும். பெரிய பிள்ளைக்கு நாலைந்து மணி நேரம் வேண்டும். பசித்து அழும் பிள்ளையைக் கண்டு பொறாமல் வாசலிலேயே பிஸ்கட் கொடுத்துவிட்டால், குடலில் எழும் காற்று படத்தை மறைக்கும். வந்த பயணம் வீணாகும்.

இத்துணை கண்காணிப்பும் செய்து, கல்லீரல் தளர்ந்தே வருகிறது என்று தெரிந்தால் என்ன செய்வது என்ற ஐயம் உங்கள் நெஞ்சில் எழும். அதற்கும் விடை உண்டு. 1963இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சில் என்பார் உலகில் முதன்முதலாக மனிதர்க்குக் கல்லீரல் மாற்று அறுவை செய்ய முயன்றார். அக்குழந்தைக்கு இருந்த நோய் இதே பித்தநாள அடைப்புத்தான். மூன்று வயதான அக்குழந்தை பிழைக்கவில்லை. 1967இல் அம்மருத்துவரே வெற்றி கண்டார். நம் நாட்டில் 1994இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. 1998 நவம்பரில் தில்லி அப்பல்லோ மருத்துவமனையில், காஞ்சிபுரத்திலிருந்து சென்ற 20 மாதத் தமிழ்க் குழந்தை ஒன்றுக்கு, தந்தை தம் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்தார். அக்குழந்தைக்கு இருந்ததும் பித்தநாள அடைப்பே. இந்தியாவில் குழந்தைக்கு வெற்றியுடன் நிகழ்ந்த முதல் கல்லீரல் மாற்று அதுவே. அக்குழந்தை வளர்ந்து, பயின்று, மருத்துவரானார் என்பதைக் கேட்டு எத்துணைப் பெற்றோர் நம்பிக்கை பெற்றிருப்பர்! ஆனால் மாற்று அறுவைக்கும் காலம் உண்டு. பிள்ளையின் உடல் மிகவும் நலியுமுன் ஆயத்தம் செய்ய வேண்டும். அந்தக் காலத்தை முன்கூட்டி அறிவிப்பவை இந்த ஸ்கேன்களும் சோதனைகளுமே. கண்காணிப்பை விட்டவர் அக்காலத்தைத் தவறவிடுகின்றனர்.

பெரியோர்களே, நிறைவாகச் சங்கத்தாருக்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, மலநிற அட்டை ஒன்றை மருத்துவர் துணையோடு தமிழில் ஆக்கி இம்மன்றத்தின் சுவரில் மாட்டுங்கள். புதிதாய்ப் பிள்ளை பெற்ற வீடுகளுக்கும் கொடுங்கள். கலியாண வீட்டில் சந்தனக் கிண்ணம் வைக்கும் இடத்தில் அதனை வைக்கச் சொல்லவில்லை. தொட்டில் கட்டும் வீட்டில் வைக்கலாம் அன்றோ? இரண்டாவது, நோயுற்ற பிள்ளையோடு சென்னை செல்லும் குடும்பத்துக்கு அங்கே தங்க இடம், வழி காட்ட ஓர் ஆள், மருத்துவமனையில் சீட்டுப் பெறத் துணை இவற்றுக்காகச் சிறு நிதி ஒன்றைத் தொடங்குங்கள். முதலில் நூறு குடும்பம் மாதம் பத்து ரூபாய் தந்தாலும் போதும். மூன்றாவது, அத்தகைய பிள்ளைகளின் அடுத்த சோதனை நாளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, அந்நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக அவ்வீட்டாருக்கு நினைவூட்டுங்கள். கூலி வேலையிலும் குடும்பச் சுமையிலும் உழல்வோர் நாளை மறப்பது குற்றமன்று. நினைவூட்ட ஒருவர் இல்லாமையே குறை.

வள்ளுவர் சொன்ன நான்காமவனுக்குப் பட்டமும் வேண்டா, கருவியும் வேண்டா. நாளை மறவாமையும், உடன் செல்லும் காலும் இருந்தால் போதும். ஊரையும் உறவையும் விட்டு இத்தீவுக்கு வந்த நம்மவர்க்கு, மாமனும் சித்தியும் செய்ய வேண்டிய கடமையைச் சங்கமே செய்து வந்திருக்கிறது. அக்கடமையில் இதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தையல் ஆறிய பின்னும் ஒரு பிள்ளையின் மீது நம் கண் இருக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் குழந்தைகள்!